பாண்டியக்காவின் முகம்

மொட்டை மாடியில் துணி காயப் போடுவதற்கு யாராவது மாஸ்க் போடுவார்களா?

கலைமதி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாண்டியக்கா வாளியிலிருந்து ஒவ்வொரு துணியாக எடுத்து, உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினாள். கண்ணுக்குக் கீழே முழுக்க நீல நிற மாஸ்க். மாடியில் வேறு யாருமே இல்லை. பக்கத்து வீட்டு மதில்மேல் ஒரு காக்கா மட்டும் உட்கார்ந்திருந்தது.

"அக்கா, காக்காவுக்கு பயந்துகினா மாஸ்க் போட்டுகினு கீற?"

பாண்டியக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். முன்பெல்லாம் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று சிரிக்கவில்லை.

"சளி" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சளி பிடித்தவர்கள் தும்முவார்கள். மூக்கை உறிஞ்சுவார்கள். பாண்டியக்கா தும்மி கலைமதி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கலைமதியின் வீடு ஒரகடம் கூட்டு ரோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே இருந்தது. அப்பா ரகுபதியும் அம்மா அம்சவல்லியும் கலைமதியும் கீழே இருந்தார்கள். மாடியில் இரண்டு அறைகள். அவற்றில் கம்பெனி வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த அக்காக்கள் வாடகைக்கு இருந்தார்கள். ஒரு அறையில் சசிரேகா அக்காவும் பாண்டிச்செல்வி என்கிற பாண்டியக்காவும்.

பாண்டிச்செல்வி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வேலைக்கு வந்துவிட்டாள். முதல் நாள் அவளுடைய அம்மா மாடத்திதான் கூட வந்து விட்டுவிட்டுப் போனார். போகும்போது அம்சவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னார். வேறு என்னவோ சொல்ல வந்தவர் சொல்லாமலே ஆட்டோவில் ஏறிவிட்டார்.

வந்த புதிதில் பாண்டியக்கா பேசுவதே கலைமதிக்குப் புரியாது. ஒரு நாள் மழையில் படியெல்லாம் வழுக்கியது. "ஏளா, பைய வா, பைய வா" என்று மேலேயிருந்து கத்தினாள். கலைமதி ஓடிப்போய் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். மெதுவாக வா என்பதைத்தான் அந்த ஊரில் 'பைய வா' என்பார்களாம். அன்றைக்கு இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு, அக்காவுக்கு ஷிஃப்ட் இல்லாத சாயங்காலமெல்லாம் மொட்டை மாடிதான். அங்கிருந்து பார்த்தால் பெரிய ரோடு தெரியும். புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு நீள நீளமான டிரெய்லர்கள் போகும். அடுத்த வண்டியில் எந்த நிறக் கார் அதிகம் என்று பந்தயம் கட்டுவார்கள். தோற்றவர் ஜெயித்தவருக்குத் தலை பின்னிவிட வேண்டும். பாண்டியக்கா எப்போதும் தோற்றுப்போவாள். வேண்டுமென்றே தோற்கிறாளோ என்று கலைமதிக்குச் சந்தேகம். கேட்டதில்லை. அக்காவின் விரல்கள் தலைமுடிக்குள் போய் வரும்போது அவ்வளவு சுகமாக இருக்கும்.

இப்போது கொஞ்ச நாளாக எதுவும் இல்லை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவாள், தலையைக் குனிந்தபடி மாடி ஏறுவாள், கதவு சாத்திக்கொள்ளும். அவ்வளவுதான். பொங்கலுக்கு மற்ற அக்காக்கள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பிப் போனார்கள். பாண்டியக்கா போகவில்லை. கூடுதல் நேர ஓ.டி. வேலை இருக்கிறது என்றாள்.

கலைமதி தனியாக மாடியில் நின்று டிரெய்லர்களைப் பார்த்தாள். சிவப்பு, வெள்ளை, சாம்பல். யாரிடம் சொல்வது?

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கொழுக்கட்டை செய்தாள். "மேல பாண்டிக்குக் குடுத்துட்டு வாடி" என்று தட்டை நீட்டினாள்.

அறைக்கதவு லேசாகத் திறந்திருந்தது. கலைமதி காலால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

பாண்டியக்கா ஜன்னல் பக்கம் கையகலக் கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்க் இல்லை.

இரண்டு கன்னங்களிலும் தாடையிலும் பெரிய பெரிய கட்டிகள். சிவந்து, வீங்கி, சில இடத்தில் சீழ் வைத்திருந்தது. கலைமதி பருக்களைப் பார்த்திருக்கிறாள். அவளுடைய அத்தை மகனுக்கு நெற்றியில் பொரிப்பொரியாக இருக்கும். இது அப்படி இல்லை. பார்க்கும்போதே வலித்தது.

அக்கா சட்டென்று துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்துட்டியா?"

"ம்."

துண்டுக்குள்ளிருந்து "யார்ட்டயும் சொல்லாத" என்றாள். "எங்கம்மைட்ட மட்டும் சொல்லவே கூடாது. சத்தியம் பண்ணு."

"சத்தியமா சொல்ல மாட்டேன். எப்படிக்கா இப்படி ஆச்சு?"

"தெரியலையே. மொதல்ல ரெண்டு மூணுதான் வந்துச்சு. மூஞ்சிய ஒழுங்கா கழுவ மாட்டியான்னு ஒருத்தி கேக்கா. முறுக்கு தின்னாதன்னு ஒருத்தி சொல்லுதா. நான் முறுக்கு தின்னே மாசக்கணக்கா ஆகுது."

"நாங்க குடுத்தாக்கூட வேணான்னியே, அதுக்குத்தானா?"

"ஆமா." துண்டு மேலும் கீழும் ஆடியது. "பொறவு சசிரேகா ஒரு கிரீம் குடுத்தா. அவளுக்குத் தெரிஞ்சவங்க போட்டதாம். பாவம், நல்லதுக்குத்தான் குடுத்தா. போட்ட ஒரு வாரம் மூஞ்சி பளபளன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டு பங்கா வந்துட்டு. இப்ப அதைப் போடாம இருந்தா எரியுது. போட்டா கட்டி வருது."

"உங்கம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"பொட்டப்புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பாதன்னு ஊரே சொல்லுச்சு. அம்மைதான் ஒத்தையா நின்னு அனுப்பி வச்சா. இந்த மூஞ்சியப் பாத்தா அடுத்த பஸ்ஸுல வான்னுவா. ஊரும் 'அன்னைக்கே சொன்னோம்லா'ன்னு பேசும்." அக்காவின் குரல் உடைந்தது. "வீடியோ கால்ல கேமரா ரிப்பேருன்னு சொல்லி வச்சிருக்கேன்."

கலைமதி கொழுக்கட்டைத் தட்டைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

"இது முறுக்கு இல்லக்கா. ஆவியில வெந்தது."

துண்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்து ஒரு கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டது.

அந்த வாரம் ஒரு சாயங்காலம். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அம்மாவின் போன் அடித்தது. திரையில் 'பாண்டி அம்மா' என்று வந்தது. கலைமதி எடுத்தாள்.

"யாரு, கலைமதியா? நான் மாடத்தி பேசுதேன்மா."

"சொல்லுங்க பெரிம்மா. அம்மா கடைக்குப் போயிருக்காங்க."

"நான் உன்ட்டயே கேக்கேன். நீ சின்னப்புள்ள, பொய் சொல்ல மாட்ட." மாடத்தி பெரியம்மா மூச்சு விட்டார். "எனக்கு அவளை ரொம்பத் தேடுதும்மா."

"ஏன் தேடுறீங்க? அக்கா எங்கயும் போகலியே. மேலதான் இருக்காங்க."

"அந்தத் தேடுறது இல்லம்மா. பாக்கணும் பாக்கணும்னு மனசு கெடந்து அடிச்சுக்கிடுதுல்லா, அதைச் சொல்லுதேன்."

அதற்கு இப்படி ஒரு சொல் இருப்பது கலைமதிக்குத் தெரியாது. ஆனால் அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

"இந்தப் போனை வாங்கினதே அவ மூஞ்சியப் பாக்கத்தான்" என்றார் பெரியம்மா. "தீவாளிக்கு அப்புறம் மூஞ்சியே காட்ட மாட்டேங்கா. பொங்கலுக்கும் வரல. கம்பெனியில பெரிய பெரிய மெஷின் இருக்குமாமே. அதுல கை கிய்யி மாட்டிக்கிட்டா? வெரலு போயிட்டா? அதான் மறைக்காளா? மறைக்காம சொல்லு தாயி. ராத்திரி கண்ண மூடினா அதான் வருது."

சொன்னால் சத்தியம் போய்விடும். சொல்லாவிட்டால் இந்தப் பெரியம்மா இன்று இரவும் தூங்க மாட்டார்.

"பெரிம்மா, அக்காவுக்குக் கையெல்லாம் நல்லா இருக்கு. நான் பாத்தேன். கொழுக்கட்டைகூட எடுத்துச் சாப்பிட்டாங்க. மீதிய அக்காவையே பேசச் சொல்றேன். இப்பவே."

போனை வைத்துவிட்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள்.

"அக்கா! உங்கம்மா உனக்குக் கை போயிடுச்சின்னு நினைச்சிகினு கீறாங்க!"

பாண்டியக்கா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். "என்னது?"

"மெஷின்ல விரல் மாட்டிகிச்சாம். அதான் நீ மூஞ்சி காட்டலியாம். ராத்திரியெல்லாம் தூங்கறதில்லியாம்."

பாண்டியக்கா தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்து மாஸ்க்கை நனைத்தது.

"நான் இதை நெனச்சே பாக்கலையே" என்றாள். "ஆனா என்னால காட்ட முடியாது புள்ள. என் மூஞ்சிய எனக்கே பாக்க முடியல."

கலைமதி கொஞ்சம் யோசித்தாள்.

"மூஞ்சிய யாருக்கா காட்டச் சொன்னா? கையைக் காட்டலாம் இல்ல?"

அக்கா அவளையே பார்த்தாள்.

"போனை நான் புடிச்சிக்கிறேன். நீ கையை மட்டும் நீட்டு. வேற ஒண்ணும் தெரியாது."

கலைமதி அக்காவின் போனில் வீடியோ கால் போட்டாள். பின்பக்கக் கேமராவுக்கு மாற்றிக்கொண்டாள். மாடத்தி பெரியம்மாவின் முகம் வந்தது. மிகக் கிட்டத்தில் வைத்திருந்ததால் ஒரு கண்ணும் பாதி மூக்கும்தான் தெரிந்தன. பின்னால் ஆடு கத்தியது.

"பாண்டி! ஏளா, எங்க இருக்க? தெரியலையே!"

"கொஞ்சம் இருங்க பெரிம்மா. இப்பக் காட்டுறேன்" என்றாள் கலைமதி.

முதலில் வலது கை. பெரியம்மா ஒவ்வொரு விரலாக வாய்விட்டு எண்ணினார். பிறகு இடது கை. அதையும் எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"உள்ளங்கையைக் காட்டச் சொல்லு."

காட்டினாள்.

"காலு?"

பாண்டியக்கா காலை நீட்டினாள். "கொலுசு கறுத்துப்போச்சே, வெளக்க மாட்டியா?" என்றது போன். பாண்டியக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

"பின்னலு?"

அக்கா திரும்பி உட்கார்ந்தாள். கலைமதி போனைப் பின்பக்கமாகக் கொண்டுபோனாள். முதுகில் தொங்கிய பின்னல் திரை முழுக்க வந்தது.

பெரியம்மாவின் விரல் திரையை நோக்கி வந்தது. பின்னலைத் தடவுகிறாரோ என்னவோ, படம் மங்கலாகி மங்கலாகித் தெளிந்தது.

"சரிம்மா" என்றார் கடைசியில். "புள்ள முழுசா இருக்கா. எனக்கு அது போதும். மூஞ்சிய அவ என்னைக்குக் காட்டணும்னு நெனைக்காளோ அன்னைக்குக் காட்டட்டும். நான் இருக்கேன்."

பாண்டியக்காவின் முதுகு குலுங்கியது. அவள் மாஸ்க்கைக் கழற்றினாள். திரும்பினாள்.

கலைமதி போனை ஆட்டாமல் பிடித்துக்கொண்டாள்.

மாடத்தி பெரியம்மா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏளா" என்றார். "இப்படி மெலிஞ்சு போயிட்டியே. கழுத்தெலும்பு தெரியுதே! ஒழுங்கா சாப்பிடுதியா இல்லியா?"

"அம்மா, என் மூஞ்சியப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்." குரல் தாழ்ந்தது. "ரொம்ப வலிக்காம்மா?"

சோப்பு மாற்று என்று சொன்னவர்கள் உண்டு. எண்ணெயை விடு, பாலை விடு, ராத்திரி கண் விழிக்காதே என்றெல்லாம் சொன்னவர்கள் உண்டு. வலிக்கிறதா என்று அதுவரை யாருமே கேட்டதில்லை.

"வலிக்கும்மா" என்றாள் பாண்டியக்கா. "தலையணையில சாய முடியல."

பிறகு அம்மாவும் மகளும் சேர்ந்து அழுதார்கள். கலைமதியின் கை வலித்தது. ஆனாலும் போனைக் கீழே வைக்கவில்லை.

அழுது முடித்ததும் பெரியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு வைத்தியத்தை ஆரம்பித்தார். "நாமக்கட்டியை உரைச்சுப் போடு. வேப்பங்கொழுந்தை அரைச்சு..."

"பெரிம்மா" என்று கலைமதி குறுக்கே புகுந்தாள். "எனக்குக் காது வலிச்சா டாக்டர்கிட்ட போறோம். பல் வலிச்சா போறோம். முகம் வலிச்சா மட்டும் ஏன் போகக் கூடாது?"

"பருவுக்கெல்லாமா ஆஸ்பத்திரிக்குப் போவாவ?" என்றாள் பாண்டியக்கா.

"நீதானேக்கா வலிக்குதுன்ன?"

"எதுக்கும் ஒரு எட்டு போயிட்டு வா பாண்டி" என்றார் பெரியம்மா. "நாமக்கட்டி எங்கயும் ஓடிராது."

அடுத்த வார லீவு நாளில் அம்சவல்லியே பாண்டியக்காவைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போனாள். கலைமதியும் தொற்றிக்கொண்டாள். வாலாஜாபாத் வழியாகப் போகும் பஸ்ஸில் பாண்டியக்கா மாஸ்க்கோடு ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். கலைமதியின் கையை விடவே இல்லை.

தோல் டாக்டரின் பெயர் ரஞ்சனி. அவர் ஒரு சின்ன விளக்கை வைத்து அக்காவின் முகத்தை நிதானமாகப் பார்த்தார். கட்டிகளின் ஓரத்தை விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் பார்த்தார். சசிரேகா கொடுத்த கிரீம் குழாயையும் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தச் சிவப்புக் கோடு தெரியுதா? டாக்டர் எழுதிக் குடுக்காம பயன்படுத்தக் கூடாதுன்னு அர்த்தம். இது வேற நோவுக்கான மருந்து. பருவை இன்னும் மோசமாக்கிடும். இன்னியோட இதை விட்டுடு. விட்டதும் கொஞ்ச நாள் எரியும், சிவக்கும். அதுக்குத் தடவ வேற தரேன்."

"நான் மூஞ்சிய நல்லாத்தான் கழுவுதேன் டாக்டர்" என்றாள் பாண்டியக்கா, யாரோ குற்றம் சாட்டியதுபோல.

"நீ எந்தத் தப்பும் பண்ணலம்மா. உன் வயசுல தோலுக்கு அடியில இருக்கிற எண்ணெய்ச் சுரப்பிங்க அளவுக்கு மேல வேலை செய்யும். சிலருக்கு லேசா வந்து தானா போயிடும். சிலருக்கு இப்படி ஆழமா கட்டி கட்டியா வரும்."

"சுரப்பியெல்லாம் ஓ.டி. பாக்குதா டாக்டர்?" என்றாள் கலைமதி.

டாக்டர் சிரித்துவிட்டார். "ஆமா. யாரும் கேக்காமலே ஓ.டி. பாக்குது. அதை அடக்கறதுக்கு மாத்திரை இருக்கு. ஆனா அது கொஞ்சம் கண்டிப்பான மாத்திரை. முதல்ல ரத்தம் எடுத்துப் பாக்கணும். நடுவுலயும் எடுக்கணும். வேற யாருக்கும் ஒண்ணுகூடக் குடுக்கக் கூடாது. சாப்பாட்டோடதான் போடணும். உதடு பாளம் பாளமா வெடிக்கும். வெயில் சுடும். ஆரம்பத்துல பரு இன்னும் அதிகமாகிற மாதிரிகூட இருக்கும். மனசு ரொம்ப சோர்ந்து போனா உடனே எனக்குச் சொல்லணும். மாசக்கணக்கா ஆகும். பொறுத்துக்குவியா?"

பாண்டியக்கா தலையாட்டினாள்.

"நீ கொஞ்சம் வெளிய உக்காரு கண்ணு" என்றார் டாக்டர் கலைமதியிடம். "இந்த மாத்திரையைப் பத்தி அக்காகிட்ட பெரியவங்க பேச்சு கொஞ்சம் பேசணும்."

கலைமதிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் போய் உட்கார்ந்தாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு மாத்திரை ஆரம்பமானது.

டாக்டர் சொன்னதெல்லாம் ஒன்றுவிடாமல் நடந்தது. முகம் நெருப்பாகச் சிவந்தது. புதிதாக இரண்டு கட்டிகள் வந்தன. உதடு வெடித்து, சிரித்தால் ரத்தம் வந்தது. "அதுக்குத்தான் நான் சிரிக்கிறதே இல்ல" என்று அக்கா சொன்னபோது அது வேடிக்கைப் பேச்சா இல்லையா என்று கலைமதிக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் பள்ளிவிட்டு வந்த கலைமதி நேராக மேலே போனாள். அக்கா மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குப்பைக்கூடைப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"போதும். இந்தக் கருமம் எனக்கு வேண்டாம். பஸ்ஸுல இன்னைக்கு என் பக்கத்துல ஒருத்தி உக்காராம நின்னுக்கிட்டே வந்தா."

கலைமதிக்கு அந்தப் பெண்மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவள் யார் என்று தெரியாது. கண்முன் நிற்பது அக்காதான்.

"உனக்கு வேணாம்னா நிறுத்திடுக்கா. ஆனா டாக்டர்கிட்ட கேட்டுட்டு நிறுத்து. நாமளா ஒண்ணு போட்டோம், இப்படி ஆச்சு. இப்ப நாமளா நிறுத்திட்டு இன்னொண்ணு ஆச்சுன்னா?"

அக்கா கூடையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நானும் வரேன். பஸ்ஸுல உன் பக்கத்துல நான் உக்காந்துக்கிறேன்" என்றாள் கலைமதி.

போனார்கள். டாக்டர் ரஞ்சனி பார்த்துவிட்டு மாத்திரையின் அளவைக் குறைத்தார். உதட்டுக்குக் களிம்பு எழுதினார். "நீயா நிறுத்திடாம கேக்க வந்தியே, நல்ல வேலை பண்ண" என்றார். பாண்டியக்கா கலைமதியைத் திரும்பிப் பார்த்தாள்.

சாப்பாட்டோடுதான் மாத்திரை போட வேண்டும் என்று தெரிந்ததும் மாடத்தி பெரியம்மா அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்துவிடும். அங்கே பெரியம்மா ஒரு தட்டு. இங்கே பாண்டியக்கா ஒரு தட்டு. அக்காவுக்கு ஷிஃப்ட் தோதாக இருந்தால் கலைமதியும் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிடுவாள்.

"நான் மட்டும் கீழ தனியா சாப்பிடணுமா?" என்று அப்பா ரகுபதி சிணுங்கினார்.

"நீங்களும் மாத்திரை போடுறீங்களா?" என்றாள் அம்மா.

ஒரு நாள் பெரியம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். பேசிக்கொண்டே ஒரு கவளத்தை உருட்டி, "ஆ" என்று போனை நோக்கி நீட்டினார். பாண்டியக்கா பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டாள். கவளம் அங்கேயே நின்றது. பெரியம்மா அதைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். பெரியம்மா மெதுவாகக் கையைத் தன் தட்டுக்கே கொண்டுபோனார். சாப்பிடவில்லை, பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஆடி மாசக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்துருவேன்மா" என்றாள் பாண்டியக்கா.

"வா" என்றார் பெரியம்மா.

வெயில் ஏறியது. பள்ளி விடுமுறை வந்தது, போனது. ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டே இருந்ததால் எப்போது மாறியது என்று கலைமதிக்குத் தெரியவில்லை. கட்டிகள் ஒவ்வொன்றாக அமுங்கின. சீழ் வற்றியது. அக்கா தலையணையில் கன்னத்தை வைத்துத் தூங்க ஆரம்பித்தாள்.

ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் மாடியில் நின்றிருந்தார்கள். படியேறி வந்த அம்சவல்லி அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடி பாண்டி, மாஸ்க் எங்க?"

பாண்டியக்கா கையால் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அய்யோ, மறந்துட்டேனே" என்றாள். அறைக்குள் போய் எடுத்து வரவில்லை.

ஆடி மாதத்தில் டாக்டர் ரஞ்சனி முகத்தைப் பார்த்துவிட்டு, "பள்ளம் கொஞ்சம் இருக்கும். தழும்பு முழுசா போகாது. அதுக்கும் பின்னாடி வழி பாக்கலாம். இப்ப ஊருக்குப் போய்ட்டு வா. மாத்திரையை மட்டும் விடாத" என்றார்.

பாண்டியக்கா ஊருக்குக் கிளம்பினாள். கூட்டு ரோட்டில் பஸ் ஏற்றிவிட எல்லாரும் போனார்கள். ரகுபதி பையைத் தூக்கி வைத்தார். அம்சவல்லி வழியில் சாப்பிடப் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். கலைமதி ஒன்றும் செய்யவில்லை. எவ்வளவோ நாளாக அக்கா ஊருக்குப் போக வேண்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். இப்போது பஸ் நகரும்போது, ஓடிப்போய் அதன் முன்னால் நின்றுகொள்ளலாமா என்று இருந்தது.

ஜன்னலிலிருந்து அக்கா கையசைத்தாள். முகம் முழுசாகத் தெரிந்தது. பிறகு புழுதி மறைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கலைமதி சரியாகச் சாப்பிடவில்லை. மாடிக்குப் போகவில்லை.

மறுநாள் காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் அம்மாவின் போன் அடித்தது. வீடியோ கால். மாடத்தி பெரியம்மாவின் ஒரு கண்ணும் பாதி மூக்கும்.

"சத்தம் போடாதம்மா" என்று கிசுகிசுத்தார் பெரியம்மா. "உனக்குக் காட்டத்தான் போட்டேன்."

போன் மெதுவாகத் திரும்பியது. பெரியம்மாவின் மடியில் தலை வைத்துப் பாண்டியக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கன்னத்துத் தழும்புகளின்மேல் காலை வெளிச்சம் விழுந்தது. பெரியம்மாவின் கை அவள் தலையில் இருந்தது.

"வந்ததுலேருந்து பாத்துட்டே இருக்கேன். காலு மரத்துப்போச்சு" என்றார் பெரியம்மா.

கலைமதியும் பார்த்தாள். அம்மா ஸ்கூலுக்கு நேரமாகிறது என்று கூப்பிடும்வரை பார்த்தாள். பிறகு வாயைப் போனுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய், கேட்கவே கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டாள்.

"பெரிம்மா, அக்கா எப்ப திரும்பி வருவாங்க?"

"ஏளா, இப்பத்தானேளா வந்திருக்கா!"

சொல்லிவிட்டுப் பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கலைமதியும் கையால் பொத்திக்கொண்டாள். அக்காவை எழுப்பிவிடாமல் இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள்.